ஓரகத்திக்குக் கிடைத்த தேதி

தையற்காரிக்குத் தன் ஓரகத்தியின் மேல் பொறாமை வந்தது. நகை நட்டைப் பார்த்து வந்த பொறாமை அல்ல. ஓரகத்திக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, அதுதான்.

ஒரே வீடு. கீழே தையல் மெஷினும் மூத்தவளும், மாடியில் கொழுந்தனும் இளையவளும். இளையவளுக்கு மார்பில் கட்டி என்றதும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனவள் மூத்தவள்தான். அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு ஒரு நர்ஸ், கட்டி இருக்கிறதா என்று மார்பைத் தாங்களே எப்படித் தடவிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் குளிக்கும்போது மூத்தவள் சும்மா செய்து பார்த்தாள். இடது பக்கம், அக்குளை ஒட்டி, கல் மாதிரி தட்டுப்பட்டது.

வாயைத் திறக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் படுத்துக்கொண்டால் யார் யாரைப் பார்ப்பது? முதலில் அவளுக்கு முடியட்டும் என்றிருந்தாள். அவளுக்கு முடிந்தது. அந்த வாரமே கொரோனா என்று ஊரை அடைத்தார்கள். லாரி ஓட்டப் போயிருந்த புருஷன் எங்கோ எல்லையில் மாட்டிக்கொண்டான்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"இங்க எல்லாமே காய்ச்சல் வார்டு ஆயிடுச்சும்மா. ஏற்கெனவே வைத்தியத்துல இருக்கிறவங்களை மட்டும்தான் பார்க்கிறோம். வலி இருக்கா?"

"இல்லீங்க."

"அப்போ அவசரம் இல்ல. நாங்களே கூப்பிடுறோம்."

யாரும் கூப்பிடவில்லை. அவள் முகக்கவசம் தைத்துத் தள்ளினாள். ஊரே அவள் தைத்த துணிக்குள் மூச்சு விட்டது. அவளுக்குத்தான் மூச்சு முட்டியது.

இளையவளுக்கோ தேதி தவறாமல் கீமோ. கொழுந்தன் அனுமதிச் சீட்டைக் கார் கண்ணாடியில் ஒட்டி அழைத்துப் போவான். ஆளில்லாத தெருவில் அந்தக் கார் திரும்பி மறையும்வரை மூத்தவள் ஜன்னலோரம் நிற்பாள். வயிற்றுக்குள் அடுப்பு மூட்டியதுபோல் இருக்கும். இளையவள் வாந்தி எடுத்தாள். வாளியைக் கழுவும்போதுகூட, 'இவளுக்கு மருந்து உள்ளே போயிருக்கிறது, அதனால்தானே வெளியே வருகிறது' என்று தோன்றியது. மொட்டைத் தலைக்கு மெத்தென்று தொப்பி தைத்துக்கொடுத்தாள். அந்த மொட்டையின் மேலும் பொறாமை. சொந்தக்காரர்கள் போன் செய்தால் முதல் கேள்வியே, "சின்னவ எப்படி இருக்கா?" என்பதுதான். 'பெரியவ செத்தா போயிட்டா?' என்று கேட்க நாக்கு துடிக்கும். "நல்லாருக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் மாடிக்குச் சூப் கொண்டுபோனாள். இளையவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாங்கா. எனக்கு ஏன்தான் இந்த நோய் வந்துச்சோ. செத்துடலாம் போல இருக்கு."

கிண்ணம் மூத்தவள் கையிலிருந்து விழுந்தது. அவளே விட்டாளா, நழுவியதா, அவளுக்கே தெரியாது.

"உனக்கென்னடி! வெட்டி எடுத்துட்டாங்க, மருந்து குடுக்குறாங்க, கார்ல போற, கார்ல வர! இங்க ஒருத்தி கல்லைக் கட்டிக்கிட்டு நடக்குறேன், கேக்க நாதி இல்ல. உன்னைப் பார்த்தா வயிறு எரியுதுடி எனக்கு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இளையவள் கட்டிலிலிருந்து மெல்ல எழுந்தாள். சிந்திய சூப்பை மிதித்துக்கொண்டே கிட்ட வந்தாள்.

"எங்க? காட்டுக்கா."

அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. ஒரு இடத்தில் நின்றன. "எத்தனை நாளா?"

"உன் ஆபரேஷனுக்கு முன்னாடியே."

"பாவி! எனக்காகவா வாயை மூடிக்கிட்டு இருந்த?"

"உனக்காகத்தான். அதனாலதான் எரியுது."

அந்த வாரம் டாக்டர் வீடியோவில் இளையவளிடம் பேசினார். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், என் நேரத்தை இவங்களுக்குக் குடுங்க" என்று அவள் போனை மூத்தவள் பக்கம் திருப்பினாள். டாக்டர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். கடைசியில், "நாளைக்கே வாங்க, பின்பக்கக் கட்டடத்துல ஊசி போட்டுச் சோதனைக்குச் சதை எடுத்துடலாம்" என்றார். அப்போதும் மூத்தவளுக்கு உள்ளே சுருக்கென்றது. அடுத்தவளுக்கு எடுத்துக் கொடுக்க இளையவளுக்கு ஒரு நேரம் இருக்கிறதே!

கட்டி புற்றுதான். அக்குளுக்கும் பரவியிருந்தது. சீக்கிரமே வந்திருந்தால் பரவாமல் இருந்திருக்குமா என்று கேட்டாள். டாக்டர் முகக்கவசத்தைச் சரிசெய்தபடி, "உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். முதலில் மருந்து, பிறகு ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

கீமோ அறைக்குள் துணைக்கு ஆள் விடவில்லை. இளையவள் வாசலுக்கு வெளியே காரில் உட்கார்ந்து, போனில் அவளை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருந்தாள். ஊர் திறந்து புருஷன் வந்து சேர்ந்தபோது மூத்தவள் மொட்டை. இளையவளுக்கோ சுருட்டை சுருட்டையாக முளைத்திருந்தது.

மூத்தவளுக்கும் ஆபரேஷன் முடிந்தது. இப்போதைக்கு எதுவும் மிச்சமில்லை, ஆனாலும் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்தவளுக்கு இளையவள் சோறு ஊட்டினாள்.

"உன் முடியைப் பார்த்தா இப்பவும் எரியுதுடி."

"நல்லா எரியட்டும்கா. அதுக்கும் தெம்பு வேணும்ல, வாயைத் திற."

மூத்தவள் முறைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.