நெறகுடமும் லண்டன் கம்பெனியும்

சகுனம் பாத்தது தப்புன்னு எவளாச்சும் சொன்னா நேரா கொச்சங்காடிக்கு வரச் சொல்லுங்க. செல்வலட்சுமி வீடு எதுன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் காட்டும். தமிழ்நாட்டுல இருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்குப் பொழைக்க வந்த நாள்ல இருந்து இட்டிலி அவிச்சு விக்கிறேன். என் வாய்க்குப் பயந்து என் கடையில ஈ கூட உக்காராது. நான் செஞ்சது தப்பா சரியான்னு முழுசா கேட்டுட்டு அப்புறம் பேசச் சொல்லுங்க.

எங்களுக்கு ஒரே மக, மாதுரி. எங்க வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி, யூதருங்க இருந்த ஜூ டவுன் பக்கத்துல கோடவுன்ல மிளகு மூட்டை, சுக்கு மூட்டை தூக்குறாரு. அப்பன் தூக்குன மூட்டை மக தலையில ஏறக் கூடாதுன்னு அவளை ஒரு குளோபல் ஸ்கூல்ல சேத்தோம். குளோபல்னா வேற ஒண்ணுமில்ல, வாசல்ல சிமெண்டுல பெருசா ஒரு உலக உருண்டை செஞ்சு வச்சிருந்தாங்க. உள்ள போனா அதே பழைய பெஞ்சு, அதே சாக்பீஸ், அதே தூங்குமூஞ்சி வாத்தியாரு. உருண்டை வச்ச வருஷமே ஃபீஸ் ரெண்டு மடங்காச்சு. அந்த உருண்டையில கொச்சி எங்கன்னு ஒரு நாள் சுத்திச் சுத்தித் தேடினேன். பெயிண்டர் அந்த எடத்தையும் சேத்து நீலமா அடிச்சுக் கடலாக்கி விட்டிருந்தான்.

பிள்ளைக்கு அங்க பிரெஞ்சு சொல்லிக் குடுத்தாங்க. மலையாளம் மணி மணியா எழுதுவா. தமிழ்தான் பேச்சோட சரி, ஊருக்குப் போனா பஸ் போர்டு படிக்க என்னையத்தான் உலுக்கி எழுப்புவா. ஒரு வருஷம் இன்டர்நேஷனல் டேன்னு சொல்லி, ஒவ்வொரு தாயும் ஒரு வெளிநாட்டுப் பலகாரம் செஞ்சு கொண்டு வரணும்னு உத்தரவு போட்டாங்க. நான் இடியாப்பத்துல தக்காளிச் சாந்தை ஊத்தி, இத்தாலின்னு சொல்லிக் கொண்டு போனேன். ஃபர்ஸ்ட் பிரைஸ் குடுத்தாங்க. பெரிய டீச்சரம்மா ருசி பாத்துட்டு, ரோமாபுரியில தின்ன மாதிரியே இருக்குன்னாங்க.

அப்புறம் எர்ணாகுளத்துல எம்.பி.ஏ. அதுவும் சாதா இல்ல, இன்டர்நேஷனல் பிசினஸ். ஒரு நாள் உலக வியாபாரத்தைக் கண்ணால காட்டுறோம்னு ஏசி பஸ்ஸுல பிள்ளைகளை ஏத்தி எங்க கொண்டு வந்தாங்கங்கிறீங்க? மட்டாஞ்சேரிக்கு! எங்க வீட்டுல இருந்து கூப்பிடு தூரம். என் மக விடியக்காலையில கெளம்பி, பஸ்ஸு மாறி எர்ணாகுளம் போயி, அங்க இருந்து ஏசி பஸ்ஸுல திரும்பி வந்து, அவ அப்பன் மூட்டை தூக்குறதைப் பாத்து நோட்ஸ் எடுத்துக்கிட்டுப் போனா. கூட வந்த சாரு போட்டோ பிடிச்சாரு. மறு வருஷம் காலேஜு விளம்பரப் புஸ்தகத்துக்கு எங்க வீட்டுக்காரர்தான் அட்டைப்படம். கீழ "உலகமே உங்கள் வகுப்பறை"ன்னு போட்டிருந்துச்சாம். மனுசன் பூரிச்சுப் போயிட்டாரு. "பாத்தியா செல்வி, நானும் எம்.பி.ஏ.வுல இருக்கேன்"ங்கிறாரு. எனக்கு வந்த கோவத்துல அன்னிக்குச் சட்னியில உப்பே போடல.

இவ்வளவு படிச்சவளுக்குக் கெடச்ச ஜோலி என்ன தெரியுமா? ஜூ டவுன்ல ஒரு பழைய சாமான் கடை. வாசல்ல நின்னுக்கிட்டு, போற வார வெள்ளைக்காரிகளை "கம் மேடம், ஜஸ்ட் லுக் மேடம்"னு கூப்பிடணும். உக்கார ஒரு முக்காலி கெடையாது. உக்காந்தா கடைக்கு மருவாதி இல்லையாம். எம்.பி.ஏ. படிச்சதுக்குத் தனிச் சலுகையா ஒரு பேட்ஜ் குத்திவிட்டான் கடைக்காரன். சாயங்காலம் வீடு வந்து சேரும்போது பிள்ளை கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கும். எண்ணெய் தேய்ச்சு விடும்போது எனக்குப் பத்திக்கிட்டு வரும். இதுக்கா அந்த உருண்டையை சுத்தி சுத்தி வந்தோம்?

அப்பத்தான் லண்டன் கம்பெனி வந்துச்சு. ஆன்லைன்ல சோபா, கட்டிலு விக்கிற கம்பெனி. வீட்டுல இருந்தே வேலை. அங்க ஒருத்தி சோபா வாங்கி அதுல ஒரு கால் குறைஞ்சு போச்சுன்னா, கொச்சங்காடியில உக்காந்து என் மக அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். கால் முளைக்குற வரைக்கும் சமாதானம் சொல்லணும். ஆனா உக்காந்து பாக்குற வேலை! அது போதும் எனக்கு. இது கெடைக்கலன்னா மறுபடியும் அந்தக் கடை வாசல்தான். "அம்மே, இது மட்டும் கிட்டிட்டா போதும்"னு ராத்திரியெல்லாம் பொலம்பினா.

இன்டர்வியூ வீட்டுலதான். கேள்வி கேக்குறது மனுசன் இல்ல, மெஷினாம். லேப்டாப்புல ஒரு பொம்பள மூஞ்சி வரும், சிரிக்கும், கேக்கும். பின்னாடி சுவரு வெறுஞ்சுவரா இருக்கணும்னு முருகன் காலண்டரைக் கழட்டி அரிசி டின்னு மேல வச்சோம். "அம்மே, ஆரும் உள்ள வரப் பாடில்ல, கேட்டோ"ன்னு மாதுரி தலையில அடிச்சு அடிச்சுச் சொன்னா. நானும் சரி சரின்னேன். ஆரும் வரக் கூடாதுன்னா ஆகாத ஆளு வரக் கூடாதுன்னுதானே அர்த்தம்? ஒரு நல்ல காரியத்துக்கு சுமங்கலி எதிர்ல வரக் கூடாதுன்னு எந்த ஊர்லயாவது சொல்வாங்களா?

எங்க லைன்ல அங்கம்மா மதினி இருக்காக. துபாய்க்குப் போறவன், பரிச்சைக்குப் போறவ, பொண்ணு பாக்கப் போறவன், யாரு கெளம்பினாலும் முந்தின நாளே மதினிகிட்ட சொல்லி வச்சிருவோம். மூஞ்சிக்கு மஞ்சள் பூசி, நெத்தி நெறைய குங்குமம் வச்சு, இடுப்புல நெறகுடம் தண்ணியோட எதேச்சையா வர்ற மாதிரி எதிர்ல வருவாக. அவுக குடத்தைப் பாத்துட்டுப் போன பயலுகதான் துபாய்ல பாதிப் பேரு. என் மகளுக்கு மட்டும் அது வேணாமா?

ஆனா ஒரு சிக்கல். இவ எங்கயும் கெளம்பல, உக்காந்த எடத்துலயே லண்டன் போறா. எதிர்ல வரணும்னா எப்படி வர்றது? மேசை சுவத்தோட ஒட்டிக் கெடக்கு, அது மேல லேப்டாப்பு. நானும் மதினியும் வாசல்ல நின்னு ரொம்ப நேரம் யோசிச்சோம். கடைசியில மதினிதான் முடிவு பண்ணாக. மெஷினு "வெல்கம்"னு சொல்ல வாயத் தொறந்துச்சு, மதினி குடத்தோட விறுவிறுன்னு உள்ள போயி, மகளுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல தலையை நுழைச்சு, பிள்ளை மூஞ்சியப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாக. அதோட விட்டாகளா? லேப்டாப்புல ஒருத்தி சிரிக்கிறதப் பாத்துட்டு, மருவாதிக்கு அவளையும் "நல்லாருக்கீகளா?"ன்னு கேட்டாக.

அவ நல்லா இல்ல. பொசுக்குன்னு மூஞ்சி மறைஞ்சிருச்சு. செவப்பா ஏதோ எழுத்து வந்துச்சு. இன்னொரு ஆள் தெரியுது, களவு நடக்குது, இன்டர்வியூ ரத்துன்னு எழுதியிருக்குன்னா மாதுரி. களவாம்! குடத்துக்குள்ளயா விடையை ஒளிச்சுக் கொண்டு வந்தாக மதினி?

"எந்தினா அம்மே இங்ஙனெ செய்தது?" ஏம்மா இப்படிச் செஞ்சேன்னு அவ்வளவுதான் கேட்டா என் மக. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். அவ கத்தல. மேசையில தலையைக் கவுத்துக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதா. மதினி குடத்தை இடுப்புலயே வச்சுக்கிட்டு அப்படியே திகைச்சு நின்னாக.

மூஞ்சியக் கழுவிட்டு வந்து கம்பெனிக்கு மெயில் எழுதினா. நெறகுடம்னா என்ன, சுமங்கலின்னா யாரு, எல்லாம் இங்கிலீஷுல வெவரமா எழுதினா. அவ படிச்ச படிப்புக்கு அன்னிக்குத்தான் ஒரு உபயோகம் வந்துச்சு. அந்த வாரமே பதில் வந்துச்சு. "உங்கள் பண்பாட்டை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். அதைக் கேமராவுக்கு வெளியே வைத்துக்கொள்ளவும். உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு தருகிறோம்." மாதுரி படிச்சுச் சொன்னதும் எங்க வீட்டுக்காரர் "எவ்வளவு தன்மையா எழுதியிருக்கான் பாத்தியா"ன்னாரு. செருப்பால அடிச்சாலும் சைஸு சரியா இருக்கான்னு பாக்குற மனுசன்.

ரெண்டாவது தடவை நான் எந்த வம்புக்கும் போகல. கதவைச் சாத்தி, வெளிய பூட்டு போட்டு, சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வாசல்ல காவல் இருந்தேன். எங்க வீட்டுக்காரர் முக்குல நின்னு ஆட்டோக்காரனை அந்தப் பக்கமாப் போகச் சொன்னாரு. மீன்காரச் சேட்டன் கூவிருவானேன்னு கூடையோட மத்தி மீனை வாங்கிப்புட்டாரு. அங்கம்மா மதினி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அவுக வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டாக. பிள்ளை பாஸாயிட்டா! வீதி பூரா லட்டு குடுத்தேன். வீட்டுல மட்டும் ரெண்டு நாள் மத்திக் கொழம்பு.

வேலையில சேந்த பெறகுதான் மிச்ச சங்கதி தெரிஞ்சுச்சு. லண்டன்ல விடியும்போது இங்க மத்தியானச் சாப்பாட்டு நேரம். அப்ப ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் கேமரா தொறந்தே இருக்குமாம். சோபா வாங்குனவ விலாசம் வெளிய போயிரக் கூடாதாம். இன்னொரு ஆள் தெரிஞ்சா அன்னிக்கு வேலை கட். மறுபடி தெரிஞ்சா வேலையே கட். அவ மூஞ்சி அங்கிட்டு இங்கிட்டு திரும்பினாலும் மார்க்கு குறைப்பானாம். பேரையும் மாத்திட்டாங்க. மாதுரின்னு அவங்க வாயில நுழையலையாம், மேடின்னு வச்சிட்டாங்க.

எங்க வீடு ஒத்த ரூமு. அடுப்பு, கட்டிலு, கிரைண்டரு, மேசை, எல்லாம் அதுக்குள்ளதான். அப்ப நாங்க எங்க போறது? மத்தியானம் சோத்தைப் போட்டு மூடி வச்சுட்டு, நானும் அவரும் எதுத்த வீட்டு ரபியா மாடிப்படியில போயி உக்காந்துக்குவோம். மூட்டை தூக்கிட்டு வர்ற மனுசன் முதுகை நீட்ட எடமில்லாம படியில சாஞ்சே தூங்குவாரு. மாவு ஆட்டுறதும் ரபியா வீட்டுலதான். முருகன் இன்னும் அரிசி டின்னு மேலதான் இருக்காரு. கேக்குறவங்ககிட்ட எல்லாம் "என் மக லண்டன் கம்பெனி"ன்னு நெஞ்சை நிமுத்திச் சொல்லிட்டு, எதுத்த வீட்டுப் படியில உக்காந்து கொசு அடிக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை லண்டன்ல ஏதோ தள்ளுபடியாம், வேலை குவிஞ்சு போச்சு. காலையிலயும் சாப்பிடாம உக்காந்தவளுக்கு இடைவேளையே விடல. "விடுங்கக்கா, அப்புறமா சேத்துச் சாப்பிட்டுக்கும்"னா ரபியா. பெத்த வயிறு கேக்குமா? ஒரு டம்ளர் சாயாவும் ரெண்டு பழம்பொரியும் எடுத்துக்கிட்டு, கதவை ஒருக்களிச்சுத் தொறந்து, கேமரா கண்ணு படாம முட்டி போட்டுத் தவழ்ந்தே போனேன். என் வீட்டுக்குள்ள நானே!

மேசைக்கடியில போயி நிமிர்ந்து பாத்தா, மேல கஞ்சி போட்ட சட்டை, கீழ நைட்டி. சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். சாயாவை அவ கால்மாட்டுல வச்சுட்டுத் திரும்பினா, வலது முட்டி பிடிச்சுக்கிச்சு. அசைய முடியல. உசுரு போற வலி. சத்தம் வந்துரக் கூடாதுன்னு முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு அப்படியே சுருண்டு கெடந்தேன். நான் படுற பாடு அவளுக்குத் தெரியும். கால் வெரலெல்லாம் நடுங்குச்சு பிள்ளைக்கு. ஆனா மேல மூஞ்சி சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு, எவளோ ஒருத்திகிட்டக் கொஞ்சிக் கொஞ்சி இங்கிலீஷு பேசிக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவைகூட என் பக்கம் குனியல. சாயா ஆறி ஆடை கட்டிருச்சு.

பள்ளிவாசல்ல அந்திப் பாங்கு சொல்லும்போதுதான் இடைவேளை விட்டான். கேமராவை அணைச்ச மறுநிமிஷம் தொப்புன்னு தரையில விழுந்து என்னைய வாரி எடுத்தா. எனக்கு வலியெல்லாம் ரெண்டாம்பட்சம். "நான் தெரிஞ்சேனாடி? கட் ஆயிருச்சா?"ன்னுதான் மொதல்ல கேட்டேன்.

"இல்லம்மே. நீ தெரியவே இல்ல."

"முருகா, காப்பாத்துனப்பா"ன்னு ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். கும்பிட்ட பெறகுதான் அவ சொன்னது மண்டையில ஏறுச்சு. பொலபொலன்னு கண்ணீர் கொட்டிருச்சு எனக்கு. "என்னம்மே, என்ன ஆச்சு?"ன்னு பதறினா.

முட்டி வலிடின்னு சொன்னேன்.