இரண்டு படுக்கைக்கு நடுவே ஒரு பலகை

ஜெயபாரதிக்கு முதலில் இடது கையில்தான் ஊசி போட வழி செய்திருந்தார்கள். அந்த நரம்பு அடைத்துக்கொண்டதும் வலது கைக்கு மாற்றினார்கள். அதனால் டயாலிசிஸ் ஓடும் நான்கு மணி நேரமும் அவளுக்கு இடது கை மட்டும் சும்மா இருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர் கிட்டுசாமிக்கு இடது கையில் ஊசி, வலது கை சும்மா. அவர் படுக்கை அவளுக்கு இடப்பக்கம் இருந்ததால், சும்மா இருந்த இரண்டு கைகளும் எதிரெதிரே அமைந்துவிட்டன. ஆனால் முதல் இரண்டு மாதம் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தவள். சிறுநீரகம் இரண்டும் கெட்ட பிறகு மிஷினில் உட்கார முடியவில்லை. மங்கலத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து, துணிகளுக்குப் பிசிறு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கணவன் ராஜவேல் விசைத்தறி ஓட்டினான். அவனுடைய ரத்த வகை சேரவில்லை. அண்ணன் செந்தில்வேலுக்குச் சேர்ந்தது. அவன் ஒரு கிட்னியைத் தருவதாகச் சொல்லி ஆஸ்பத்திரிவரை வந்தான். பிறகு அவன் மனைவி வீட்டுக்கு வந்து ஜெயபாரதியின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

கிட்டுசாமிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் சொந்தமாக நிட்டிங் மிஷின்கள் ஓட்டியவர். இப்போது ஒன்றும் இல்லை. செல்போனில் செய்தியைச் சத்தமாக வைத்துக் கேட்பார். ஒரு நாள் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்ணா, கொஞ்சம் சத்தத்தக் கம்மி பண்ணுங்க. தல வலிக்குதுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "சத்தம் இல்லீன்னா இந்த மிஷினு சத்தந்தான் கேக்குது அம்மிணி. அது பரவால்லீங்களா?"

அவரே போனை அணைத்துவிட்டார். அதற்கு அடுத்த முறை வரும்போது ஒரு செக்கர்ஸ் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். சாப்பாடு வைக்கும் ஸ்டூலை டெக்னீஷியன் மோனிஷாவிடம் சொல்லி இரண்டு படுக்கைக்கும் நடுவில் போடச் செய்து, அதன்மேல் பலகையை விரித்தார்.

"இது ஆடத் தெரியுமாங்க?"

அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில் ஹாஸ்டலில் இருந்தபோது, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, சோடா மூடிகளைக் காயாக வைத்து ஆடுவார்கள். அவர்கள் அதற்கு மூடி ஆட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இங்கே சிவப்பும் கறுப்புமாகப் பிளாஸ்டிக் காய்கள். பலவற்றில் பல் தடம் பதிந்திருந்தது. கறுப்பில் ஒன்று தொலைந்துபோய், அதற்குப் பதில் ஒரு பெரிய சட்டைப் பொத்தான் இருந்தது.

"பாப்பா கடிச்சு வெச்சுட்டா" என்றார் கிட்டுசாமி. "கலரு காட்டுனா நல்லதுன்னு டாக்டரு சொன்னாருன்னு வாங்குனது."

பாப்பா என்றதும் பேத்தியாக இருக்கும் என்று ஜெயபாரதி நினைத்துக்கொண்டாள்.

முதல் ஆட்டத்திலேயே சண்டை வந்தது. அவள் ஒரு காயை நகர்த்தினாள். அவர் குனிந்து அவளுடைய வேறொரு காயை எடுத்து, ஃபூ என்று ஊதி, பலகைக்கு வெளியே வைத்தார்.

"என்னங்ணா இது?"

"அந்தக் காய்ல என்னுத வெட்டறதுக்கு வழி இருந்துச்சு. நீங்க வெட்டலை. அதனால ஊதிட்டேன்."

"வெட்டறதும் வெட்டாததும் என் இஷ்டமுங்க."

"அதெப்படி? வெட்ட முடியும்னா வெட்டியே ஆகோணும். எங்க ஷெட்ல கரண்டு போனப்பெல்லாம் நாங்க அப்படித்தான் ஆடுவோம்."

"எங்க ஹாஸ்டல்ல இப்படி ஒரு சட்டமும் இல்லீங்க."

எதிர்வரிசையில் படுத்திருந்த இருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பலகை அவருடையது என்பதால் கடைசியில் அவள்தான் விட்டுக்கொடுத்தாள். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வழி இருப்பதை அன்றைக்கே கண்டுகொண்டாள். வெட்டியே ஆக வேண்டும் என்றால், எதிராளியை வெட்ட வைக்கலாம். மூன்றாவது ஆட்டத்தில் தன் காயொன்றைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைத்தாள். அவர் வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் வெட்டி இறங்கியதும் அவள் அவருடைய இரண்டு காய்களைத் தாண்டி எடுத்தாள். அதோடு அவர் காய்களை அள்ளிப் போட்டுப் பலகையை மடித்துவிட்டார். ஆனால் மறுமுறை ஊசி குத்தி முடிப்பதற்குள்ளேயே "ஸ்டூலு எங்க, ஸ்டூலு எங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாளும் ஆட்டம்தான். செஸ் தெரிந்தவர்கள் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்பார்கள். அதில் இருப்பதுபோல யானை, குதிரை என்று தகுதி வித்தியாசம் இதில் கிடையாது. எல்லாக் காயும் ஒன்றுதான். எல்லாம் முன்னால்தான் போக முடியும். எதிர்க் கரையைத் தொட்டு ராஜாவானால் ஒழியத் திரும்பி வர வழியில்லை. அதனால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. யோசிக்கும் நேரத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும், உடம்பு குளிர்வதும் சற்றுத் தள்ளி நின்றன. மூலைப் படுக்கைக்காரர் ஒரு வாரம் வரவில்லை, பிறகு அவர் படுக்கையில் வேறொருவர் வந்து படுத்தார். அப்போதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. இவர்கள் இருவரும் காய்களை அடுக்கினார்கள்.

கிட்டுசாமியின் மனைவி தெய்வாத்தாள் வெளியே பெஞ்சில் டிபன் பாக்ஸோடு காத்திருப்பாள். ஒரு நாள் ஜெயபாரதி முடித்து வெளியே வந்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"ஊட்டுல வாயே தொறக்கறதில்லை கண்ணு. உங்கிட்டத்தான் பேசறாரு. அதான் கேக்கறேன். என் கிட்னி அவருக்குச் சேருதுன்னு கோயமுத்தூர்ல சொல்லிட்டாங்க. நான் குடுக்கறேங்கறேன். அவரு வேண்டாங்கறாரு. நீ சொல்லிப் பாரேன்."

எனக்குக் கொடுக்க ஆளில்லாதபோது, கிடைப்பதை வேண்டாம் என்பவருக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமா என்று ஜெயபாரதிக்குத் தோன்றியது. ஆனாலும் "சொல்றேனுங்க்கா" என்றாள்.

அன்றைக்குத்தான் பாப்பா யார் என்பதும் தெரிந்தது. தேஜஸ்ரீ அவர்களுடைய ஒரே மகள். இருபத்தைந்து வயது. பிறந்ததிலிருந்தே நடக்க மாட்டாள், பேச மாட்டாள். தெய்வாத்தாள்தான் தூக்கிக் குளிப்பாட்டுவாள், தூக்கி உட்கார வைப்பாள், படுக்கையில் புரட்டிப் போடுவாள். ஆஸ்பத்திரிக்கு வரும் நேரத்தில் மட்டும் பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் பார்த்துக்கொள்வாள்.

அடுத்த முறை ஆட்டத்தின் நடுவில் ஜெயபாரதி கேட்டாள்.

"அக்கா குடுக்கறேங்கறாங்களாமா. ஏன் வேண்டாங்கறீங்க?"

அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவகிட்ட இருக்கறது அந்தத் தெம்பு ஒண்ணுதான். அதையும் அறுத்து எடுத்துட்டா பாப்பாவ ஆரு தூக்கறது? நான் போனாப் போறேன். அவ நல்லா இருக்கோணும்."

"நீங்க போய்ட்டா அக்காவுக்குத் தெம்பு வந்துருங்களா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "பாப்பாவப் பொரட்டிப் போட ரெண்டு கை நல்லதா, நாலு கை நல்லதா? எனக்குக் குடுக்க ஒருத்தரும் இல்லீங்ணா. எங்கண்ணன் வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனான். உங்களுக்குத் தர்றேன்னு ஒருத்தங்க வெளிய பெஞ்சுல உக்காந்துட்டு இருக்காங்க. வேண்டாங்கறீங்க. எனக்கு வயிறு எரியுதுங்க."

மோனிஷா ஓடிவந்து அவளுடைய பிரஷரைப் பார்த்தாள். கிட்டுசாமி ஒரு காயை நகர்த்தினார். வெட்ட வேண்டிய காய் ஒன்றை அவர் பார்க்காமல் விட்டிருந்தார். ஜெயபாரதி கவனித்தும் ஒன்றும் செய்யவில்லை.

"ஊதுங்க" என்றார் அவரே. "நான் பாக்கலை."

அந்த மாதம் முடிவதற்குள் அவர் ஒத்துக்கொண்டார். கையெழுத்து, விசாரணை, பரிசோதனை என்று நாட்கள் ஓடின. கோயம்புத்தூருக்குக் கிளம்பும் முன் கடைசியாக வந்தபோது பலகையை அவளிடமே விட்டுவிட்டுப் போனார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் தெய்வாத்தாள் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே போன் செய்தாள். "ஒண்ணுக்குப் போறாருங் கண்ணு! தானா போறாரு!" அழுகையும் சிரிப்புமாக இருந்தது. ஜெயபாரதியும் சிரித்தாள். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, ராஜவேல் கதவைத் தட்டும்வரை அழுதாள். சந்தோஷத்தில் அழவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

கிட்டுசாமியின் படுக்கைக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். ஊசி குத்தியதும் தூங்கிவிடுவார். ஜெயபாரதி செல்போனில் செக்கர்ஸ் இறக்கி ஆடிப் பார்த்தாள். அது உடனுக்குடன் நகர்த்தியது. தோற்றாலும் முகம் சுளிக்கவில்லை, ஜெயித்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாளில் அதை அழித்துவிட்டாள்.

தெய்வாத்தாளின் போன்கள் குறைந்துகொண்டே வந்தன. நல்லாயிருக்கிறவர்களுக்கு நம் ஞாபகம் எதற்கு என்று ஜெயபாரதி நினைத்துக்கொண்டாள். பிறகு வாத்தியாரும் வராமல் போனார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, எடை பார்க்கும் மிஷின்மேல் ஒருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். திரும்பியபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மாத்திரைகளால் முகம் உப்பிப் பந்துபோல் இருந்தது. கால்கள் குச்சியாக இருந்தன.

"என்னங் அம்மிணி" என்றது அந்த முகம். குரல் கிட்டுசாமியுடையது.

உள்ளே போகாமல் அவள் வெளியே பெஞ்சுக்கு வந்தாள். தெய்வாத்தாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில், தலை ஒரு பக்கம் சாய, தேஜஸ்ரீ இருந்தாள்.

"காய்ச்சல் வந்துச்சு கண்ணு. அதுலருந்து ஒடம்பு அந்தக் கிட்னிய ஏத்துக்கவே இல்லை. என்னென்னமோ ஊசி போட்டுப் பாத்தாங்க. பழையபடி மிஷின்லயே போடச் சொல்லிட்டாங்க."

"பாப்பாவக் கூட்டியாந்துருக்கீங்க?"

"நஞ்சம்மா மகன் ஊட்டுக்குப் போயிட்டா. வேற ஆரு இருக்கா? எனக்குந்தான் முந்தி மாதிரி தூக்க முடியறதில்லை. ஆப்பரேசன் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே தூக்கிட்டேன். தையல் போட்ட எடத்துல குடல் எறங்கிருச்சு. ஆட்டோக்காரரு ஒரு கை புடிக்கறாரு, அப்படியே ஓடுது."

ஜெயபாரதி பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான்தானுங்க்கா சொன்னேன். அவரு வேண்டாம்னுதான இருந்தாரு. நான் வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா..."

தெய்வாத்தாள் அவளைத் தேற்றவில்லை. மகளின் வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்தாள்.

"நீ சொன்னே. நான் சொல்லச் சொன்னேன். இப்ப அதப் பேசி என்ன ஆகுது? ஆனா ஒண்ணு கண்ணு. நல்லா இருந்த மாசத்துல அவரு தண்ணி குடிச்சாரு. இங்க அளந்து அளந்துதான குடிக்கச் சொல்றாங்க? அங்க சொம்பு சொம்பா குடிச்சாரு. ஒருநா தண்ணியக் குடிச்சுட்டுப் பாப்பாவத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டாரு. நான் பாத்துட்டே இருந்தேன். அது போதும்னு நான் சொல்ல மாட்டேன். போதாது. ஆனா அதப் பாத்தேன்."

உள்ளேயிருந்து மோனிஷா கூப்பிட்டாள்.

கிட்டுசாமி பழைய படுக்கையிலேயே படுத்திருந்தார். இருவருக்கும் ஊசி குத்தி, மிஷின் ஓட ஆரம்பித்தது. ஜெயபாரதி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"பலகை இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அவள் ஒவ்வொரு முறையும் பையில் போட்டு எடுத்து வந்துகொண்டுதான் இருந்தாள். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. மோனிஷா எதுவும் கேட்காமல் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

கிட்டுசாமி காய் வைக்கக் கையை நீட்டினார். விரல்கள் நடுங்கின. முதல் காய் கட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டாவது கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. கையைப் பின்னால் இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்த மாத்திர தின்னதுலருந்து இப்படித்தான். சோறு அள்ளறதுக்கே அவதான் வர்றா. விடுங்க அம்மிணி, எடுத்து வெச்சுருங்க."

ஜெயபாரதி எடுத்து வைக்கவில்லை. இடது கையால் இரண்டு பக்கத்துக் காய்களையும் அவளே ஒவ்வொன்றாக அடுக்கினாள். வலது கை மிஷினோடு கட்டுண்டு கிடந்ததால் வெகுநேரம் பிடித்தது. விழுந்த காயைத் துப்புரவு செய்பவர் எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க சொல்லுங்ணா. நான் நகத்தறேன்."

அவர் பலகைப் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "ஓரத்துல இருக்கற செவப்ப ஒரு கட்டம் முன்னால வைங்க" என்றார்.

வைத்தாள். பிறகு தன் கறுப்பை நகர்த்தினாள். "நடுவுல இருக்கறத. அதில்லீங்க, அதுக்கு வலது பக்கத்துல" என்றார். அவர் சொல்லச் சொல்ல நகர்த்தினாள். ஆட்டம் மெதுவாகப் போனது. எதிர்வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெய்வாத்தாள் நாற்காலியை முன்னும் பின்னும் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தாள்.

பாதி ஆட்டத்தில் அவர் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். கண்ணில் பழைய வேகம் ஒரு கணம் வந்து போனது.

"இப்ப அந்தச் செவப்புல உங்க ரெண்டு காயும் போச்சு. தாண்டி, தாண்டி, இங்க வந்து நில்லுங்க."

ஜெயபாரதி சிவப்பைத் தூக்கி, ஒன்றைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டி, அவர் சொன்ன இடத்தில் வைத்தாள். வெட்டுப்பட்ட தன் காய்கள் இரண்டையும் பலகையிலிருந்து எடுத்து, அவருடைய பக்கத்தில் அடுக்கினாள்.

"உங்க ஆட்டந்தாங்க" என்றார் கிட்டுசாமி.

அவள் பலகையைப் பார்த்து யோசிக்கத் தொடங்கினாள்.