கடனாகவே இருக்கட்டும்

மகன் இறந்து ஐந்து வருடம் கழித்து, மருமகளுக்கு மாமனாரே முன்னால் நின்று இரண்டாம் கல்யாணம் செய்துவைத்தார். அவர் பஸ் டிரைவர்; ஓய்வு பெற இன்னும் நாலைந்து வருடம் பாக்கி. புது மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு, கை சுத்தம். பேத்தியை எல்லாரும் சுண்டெலி என்பார்கள். கல்யாணமான மறுவாரமே அவள் மெக்கானிக்கின் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்து டிரைவர் சந்தோஷப்பட்டார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதும் உண்மை.

குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் மருமகளும் மெக்கானிக்கும் சொந்த வீடு தேடினார்கள். மூன்று அறை, பால்கனியோடு ஒன்று அமைந்தது. விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து கட்டினால் மீதியைத் தருவதாக பாங்கில் சொன்னார்கள். கையில் இருந்ததோ அதில் பாதி. விஷயம் காதில் விழுந்த பத்தாம் நாள், யாரும் கேட்காமலே, டிரைவர் தன் ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி மறு பாதியை மருமகள் கணக்கில் போட்டுவிட்டார்.

"மாசாமாசம் திருப்பித் தந்துடறோம் மாமா."

"தரணும்தான்" என்றார்.

அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை அவர்.

பாங்கு அதிகாரியம்மா கணக்கைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தாள். மருமகள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். அதிகாரியின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்ததைச் சரிசெய்ய அவளுக்குக் கை பரபரத்தது.

"இந்தத் தொகை திடீர்னு வந்திருக்கே. யாரு குடுத்தது?"

"மாமா."

"எந்த மாமா?"

"என் முதல் வீட்டுக்காரரோட அப்பா."

அதிகாரி பக்கத்தில் இருந்த மெக்கானிக்கைப் பார்த்தாள். அவன் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தான்.

"அன்பளிப்புன்னா பரவாயில்ல. திருப்பித் தர வேண்டாம்னு ஒரு கடிதத்துல அவர் கையெழுத்துப் போடணும். கடன்னா அந்தத் தவணையையும் உங்க செலவுல சேர்ப்போம். நாங்க தர்ற தொகை குறையும். அப்புறம் இந்த வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகாது."

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு போனார்கள். டிரைவர் இரண்டு முறை படித்தார். மடித்து மேசைமேல் வைத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மெக்கானிக் தொண்டையைச் செருமினான். "நாங்க ஏமாத்திட மாட்டோம். இது பாங்குக்கு ஒரு பேச்சுக்குத்தான். பணம் ஒண்ணாந்தேதி வந்துடும்."

"பொய்க் கடுதாசி வேண்டாம் தம்பி. நிஜக் கடுதாசியும் வேண்டாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் மருமகள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பெற்ற தகப்பனைவிட மேலாக நினைத்த மனிதர், காசு என்று வந்ததும் இப்படியா?

மனசு கேட்காமல் மறுநாள் மதியம் பஸ் டிப்போவுக்கே போனாள். அவர் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பணம் திரும்பி வராதுன்னு பயமா மாமா?"

அவர் துணியைக் கையில் வைத்தபடியே பஸ் படியில் உட்கார்ந்தார்.

"கடன் அன்பை முறிக்கும்னு கடைக்குக் கடை எழுதி வச்சிருக்கான். எனக்கு இருக்கறது அந்தக் கடன் ஒண்ணுதாம்மா. இனாம்னு எழுதிக் குடுத்துட்டா கணக்கு முடிஞ்சுபோச்சு. நாளைக்கு உன் வீட்டுக்கு மாப்பிள்ளையோட ஆளுங்க வருவாங்க, போவாங்க. நடுவுல நான் வந்தா யாருன்னு சொல்லுவ? கடன் குடுத்தவன்னா மாசம் ஒரு தடவை உரிமையாக் கதவைத் தட்டலாம்ல."

அவள் அவர் கையிலிருந்து துணியை வாங்கி, கண்ணாடியில் அவர் விட்டுவைத்த மூலையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"சுண்டெலியைப் பாக்க வர்றதுக்கு வட்டி எவ்வளவு போடுவீங்க மாமா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். பாதியில் முகம் கோணிக்கொண்டது. யாரோ ஒரு கண்டக்டர் அந்தப் பக்கம் வந்தவர், பார்க்காதது போலத் திரும்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் அவள் சொன்னதையெல்லாம் மெக்கானிக் கையின் கிரீஸைக் கழுவியபடி கேட்டான். குழாயை மூடினான்.

"அப்ப கடனாவே இருக்கட்டும்."

"அந்த வீடு?"

"போகட்டும். சின்னதாப் பாப்போம்."

பாங்கில் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். தொகை குறைந்தது, வீடும் குறைந்தது. இரண்டு அறை, நாலாவது மாடி, பால்கனி இல்லை, லிஃப்டும் இல்லை. மெக்கானிக்கின் கூட்டாளிகள் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

முதல் தவணைக்கு டிரைவர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் பாக்கற, உன் வீட்டுக்கு ஒண்ணு வைக்க வக்கில்லையா தம்பி?"

"இன்னும் கொஞ்சம் கடன் குடுங்க, வச்சிடலாம்."

அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த மாதம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. பணத்தை போனிலேயே அனுப்பியிருக்கலாம். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு உறையைச் சுண்டெலிதான் கொடுப்பாள். அவர் எண்ணாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவார்.

நாலு வருடத்தில் கடன் தீர்ந்தது. அவரும் ஓய்வு பெற்றார். அதற்கடுத்த மாதம் முதல் ஞாயிறு மணி பன்னிரண்டாகியும் ஆளைக் காணவில்லை. போன் போட்டால் மணி அடித்தது; அவர் எடுக்கவில்லை. மருமகள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினான்.

டிரைவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கடன்தான் முடிஞ்சுபோச்சே தம்பி" என்றார்.

"பசிக்குது மாமா. நீங்க வந்தாத்தான் இலை போடுவேன்னு உங்க மருமக உக்காந்திருக்கா."

அவர் கொஞ்ச நேரம் கதவுப் பூட்டைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

அன்றைக்கு இரண்டு வேளையும் அங்கேயே சாப்பிட்டார்.