விக்கல் இல்லை

மகளின் ஒரு கை அவளிடம் இருந்தது, இன்னொன்று நாத்தனாரிடம். கூடத்தின் நடுவில் கணவரைக் கிடத்தியிருக்க, இரண்டு பெண்களும் பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

“கொஞ்ச நேரம் உள்ள இருக்கட்டும் அண்ணி. துக்கம் கேக்க வர்றவங்க முன்னாடி ‘ஹுக்கு ஹுக்கு’ன்னு தோளத் தூக்கிட்டு இருந்தா என்ன நினைப்பாங்க? உலைவாய மூடலாம், ஊர்வாய மூட முடியுமா?”

“மூட வேணாம். நாலு மணிக்கு வண்டி வந்துடும். அதுவரைக்கும் அவ அப்பா பக்கத்துலதான் இருப்பா.”

நாத்தனார் கையை விட்டாள். அண்ணி ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பிடி ஒரு காலத்தில் தப்பான இடத்தில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பிள்ளை ஓயாமல் கண் சிமிட்டத் தொடங்கியபோது, கண் கோளாறுதான் என்று சாதித்து, பவரே இல்லாத கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்ட கெட்டிக்காரி இந்தத் தாய். அடுத்த மாதமே சிமிட்டல் நின்றது. பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கண்ணாடிக் கடையைச் சிபாரிசு செய்தாள். பிறகு தோள் துள்ளத் தொடங்கியது, தொண்டையில் சத்தமும் சேர்ந்துகொண்டது. தோளுக்கு எந்தக் கண்ணாடியை மாட்டுவது? திட்டினாள், ஒரு நாள் அடித்தும்விட்டாள். டாக்டர்தான் கடைசியில் சொன்னார்: வேண்டுமென்று செய்வதில்லை, தும்மல் மாதிரி. கொஞ்ச நேரம் அடக்கலாம், அடக்கினதெல்லாம் சேர்ந்து வரும். சுட்டிக்காட்டாதீர்கள். அந்த அடியை நினைத்தால் அவளுக்கு இன்றும் உள்ளங்கை கூசும்.

சலூன் வைத்திருந்த அவள் கணவருக்கு டாக்டர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகளுக்கு முடி வெட்டும்போது கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். தோள் துள்ளி அடங்கும். இரண்டு வெட்டு. மறுபடி தூக்குவார். “ஆடாதே” என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கடைக் கூட்டாளி சவரப் பையோடு வந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து நாளில் கணவருக்குத் தாடி வளர்ந்திருந்தது. தாடியோடு வாசலைத் தாண்டாத மனிதர் அவர்.

“நுரை நான் போடுறேன்,” என்றாள் மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அது அவள் வேலை.

“அண்ணி, வேணாம்,” என்றாள் நாத்தனார்.

“நீ போடும்மா.”

பிரஷ் கன்னத்தைத் தொட்டதும் தோள் துள்ளியது. நுரை புருவத்தில் தெறித்தது. பிள்ளை உதட்டைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க அடக்கிக்கொண்டு நின்றாள்.

“அடக்காதடி செல்லம். வரட்டும். அப்பாவுக்கு இன்னைக்கு ஒரு அவசரமும் இல்ல.”

வந்தது. நான்கு முறை, சத்தத்தோடு. கூட்டாளி சவரக்கத்தியை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சின்னக் கை நிதானப்பட்டு இரண்டு கன்னத்திலும் நுரை ஏறியது. தாய்க்கு அழுகை தொண்டை வரை வந்தது. இது அழுகிற நேரமில்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் கடையின் பழைய வாடிக்கையாளர். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, “பாப்பாவுக்கு விக்கலா? தண்ணி குடுங்கம்மா,” என்றார்.

“விக்கல் இல்லீங்க. அவளுக்கு அப்படித்தான் வரும். தானா வரும், தானா போகும். உக்காருங்க.”

இதையே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள், பள்ளிக்கூட டீச்சரிடம் சொன்னாள். அப்புறம் வந்த பத்துப் பேரிடமும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். குரல் கம்மிக்கொண்டே வந்தது.

மூன்றரை மணிக்குத் தெருமுனைத் தையல்காரர் வந்தார். பிள்ளையைப் பார்த்தார். தானே அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். தாய் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“விக்கல் இல்ல,” என்று சுவரோரம் இருந்த நாத்தனார் வெடுக்கென்று சொன்னாள். “அவளுக்கு அப்படித்தான் வரும். என் அண்ணன் மக. நீங்க உக்காருங்க.”

டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் தையல்காரர் நின்றார். நாத்தனார் எழுந்து அதை வாங்கி அண்ணியின் கையில் வைத்தாள். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.