ஐயாசாமி படகில் விழுந்த ஓட்டை

ஞாயிற்றுக்கிழமை தலைக்கேறிய கோபம் புதன்கிழமையாகியும் ஐயாசாமிக்கு இறங்கவில்லை. எப்படி இறங்கும்? ஜோகூரில், மாசாய்ப் பக்கத்துப் படகுத்துறையான ஜெட்டியில் பதினைந்து வருடமாகப் படகு ஓட்டுகிறவர். மற்ற நாளில் தூண்டில்காரர்களை ஏற்றுவார். சாவு வீட்டுக்காரர்கள் அஸ்தி கரைக்க வந்தால் எல்லா வேலையையும் தள்ளிவைத்துவிட்டு அவர்களை ஏற்றுவார். இதுவரை ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்லை. அப்படிப்பட்டவரின் படகில், அதுவும் உயிர்ச் சிநேகிதன் மணியத்தின் அஸ்தியைக் கொண்டுபோகிற அன்றைக்கு, தளம் பொத்துக்கொண்டது என்றால் மனுஷனுக்கு வயிறு எரியாதா?

நடந்தது இதுதான். மணியத்தின் ஒரே மகள் யோகேஸ்வரி, அப்பாவின் அஸ்திக் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படகில் ஏறினாள். முன்பக்கம், கலயத்தை வைக்கிற ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காலை வைத்தாள். மளுக்கென்று ஒரு சத்தம். முழங்கால்வரை கால் தளத்துக்குள் போய்விட்டது. புண்ணியவதி, கலயத்தை மட்டும் விடவில்லை. தளத்தின் கண்ணாடியிழைப் பைபர் கிழித்துக் காலெல்லாம் ரத்தம். சடங்கு செய்யவந்த பண்டாரம், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கரையேறிவிட்டார்.

அஸ்தியை வீட்டுக்குள் எடுத்துப்போக முடியுமா? சுடுகாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மாமரக் கிளையில் கலயத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வேறு படகு பார்க்கலாம் என்று உறவுக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். யோகேஸ்வரி கேட்கவில்லை.

"உங்க போட்லதான் கரைக்கணும்னு அப்பா சாகறதுக்கு முன்னால சொன்னாரு, அங்கிள். சனிக்கிழம வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல அவர மரத்துல வச்சிருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு ஸ்கூடாயில் இருக்கும் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே கிளம்பினாள்.

அன்றிலிருந்து ஐயாசாமியின் வாய் மூடவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால்தான் அந்தத் தளத்தை முழுக்கப் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள். போட்டவன் கிரகோரி. பைபர் வேலையில் ஜோகூர் பூராவும் பேர் வாங்கியவன். "பத்து வருஷத்துக்குக் கவலப்படாதீங்கண்ணே" என்று சொன்ன வாய்.

"பத்து வருஷமாம்! உளுத்த பலகைக்கு மேலயே பைபர ஒட்டி, பெயிண்ட அடிச்சி என் தலையில கட்டிட்டான்லா!" என்று ஜெட்டியில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். திங்கட்கிழமை யோகேஸ்வரிக்குப் போன் போட்டும் சொன்னார். "புதன்கிழம அவன வரச் சொல்லிருக்கேன். எல்லார் முன்னாலயும் பிரிச்சிக் காட்டச் சொல்றேன். நீயும் வா. நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேளு."

"மொதல்ல பிரிச்சிப் பாருங்க, அப்புறம் திட்டுங்க" என்றாள் அவர் மனைவி செல்வராணி. அவள் பேச்சை எந்தக் காலத்தில் கேட்டார், அன்றைக்குக் கேட்க?

புதன்கிழமை காலை கிரகோரியின் வேன் வந்து நின்றது. படகு கரையில் டிரெய்லர்மேல் இருந்தது. தேத்தண்ணி கட்டிய பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஜெட்டியே கூடிவிட்டது.

"வா ராசா! போன தடவ பலகை போட்டியா, அப்பளம் போட்டியா?"

"பிரிச்சிப் பாத்துட்டுப் பேசலாம்ணே" என்றான் கிரகோரி. கிரைண்டரை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து தளத்தை வெட்ட ஆரம்பித்தான். பைபர் தூள் பறந்தது. ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து ஸ்க்ரூ டிரைவரால் குத்தினான். பலகையில் முனைகூட இறங்கவில்லை. நடுப்பகுதியை வெட்டினான். அதுவும் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

"கண்ணுக்குத் தெரியற எடத்துல நல்லதப் போட்டிருக்கான், கள்ளன்! முன்னால வெட்டுடா!"

முன்னால் வெட்டினான். பலகை ஊறின ரொட்டியாகக் கையோடு வந்தது. "பாத்துக்கோங்கய்யா! நான் சொன்னேனா இல்லியா?" என்று ஐயாசாமி ஊருக்கே கேட்கக் கத்தினார்.

கிரகோரி அந்தப் பலகைத் தூளை ஒரு கை அள்ளி வெயிலில் நீட்டினான். மஞ்சளாக இருந்தது. ஐயாசாமி குனிந்து பார்த்தார். வாசம் அடித்தது. மஞ்சள் வாசம்தான், அவர் வீட்டுச் சமையலறை மஞ்சளேதான்.

ஒவ்வொரு தடவை அஸ்தி கரைத்துவிட்டுத் திரும்பியதும் இரண்டு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, படகின் முன்பக்கம் ஊற்றித் தீட்டுக் கழுவுவது அவர் வழக்கம். மறுநாள் வேறு ஆள் ஏற வேண்டுமே! ஆறேழு மாதத்துக்கு முன்னால், படகு ஆடும்போது கலயம் உருளக்கூடாது என்று அதே இடத்தில் ஸ்டாண்டை நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினதும் அவர்தான். நாலு ஸ்க்ரூவுக்குப் போய்க் கிரகோரியைக் கூப்பிடுவானேன் என்று சொல்லி டிரில்லை அழுத்திப் பிடித்தவன் மணியம்.

கிரகோரி மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவர் காதருகே சொன்னான். "ஓட்டைக்குள்ள ரெசின் பசைய ஊத்தாம ஸ்க்ரூ ஏத்திட்டீங்கண்ணே. ஊத்தின தண்ணியெல்லாம் பலகைக்குள்ள எறங்கிருச்சி. உப்புத் தண்ணியாச்சும் தேவல. நல்ல தண்ணி பலகைய சீக்கிரமே தின்னுரும்."

அந்த நேரம் பார்த்து யோகேஸ்வரி வந்து சேர்ந்தாள். காலில் கட்டு, கண்ணில் நெருப்பு. நேராகக் கிரகோரி முன்னால் போய் நின்றாள்.

"நீங்கதானா அந்த ஆளு? சாவு வீட்டுக்காரங்க ஏறுற போட்டுன்னு தெரிஞ்சும் இப்படி ஏமாத்த எப்படி மனசு வந்துச்சி?"

 கிரகோரி ஐயாசாமியை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று நாள் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் பதில் ஆகிவிடும். பாவி, சொல்லமாட்டேன் என்கிறானே! அவன் திருப்பித் திட்டியிருந்தால்கூட ஐயாசாமிக்குத் தேவலையாக இருந்திருக்கும். பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தார். நினைத்ததற்கே உடம்பு கூசியது.

"அவன விடும்மா" என்றார். கூட்டத்துக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் குரலை உயர்த்தினார். "தப்பு என்னோடது! ஓட்டை போட்டது நானு. தெனமும் கும்புடற மாதிரி அதுல தண்ணி ஊத்தினதும் நானு. மூணு நாளா இந்த ஜெட்டி பூரா இவன் பேர நாறடிச்சதும் நாந்தான். எல்லாரும் கேட்டுக்கோங்க!"

மணியத்தின் பேரை அவர் எடுக்கவில்லை. ஆனால் யோகேஸ்வரி வெட்டியெடுத்த துண்டில் தெரிந்த அந்த நாலு ஸ்க்ரூ ஓட்டையையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இந்த ஸ்டாண்ட எங்கப்பாவும் சேந்துதானே போட்டாரு? வீட்டுக்கு வந்து பெருமையா சொன்னாரே."

ஐயாசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு பேரும் சேந்து ஓட்டை போட்டு, என் கால ஒடைக்கப் பாத்து, கடசியில அவரையே மரத்துல தொங்க விட்டுட்டீங்களே அங்கிள்!" சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் வந்தது, அடக்கமுடியாமல் சிரிப்பும் வந்தது. அதற்காகவும் அவர்மேல் கோபப்பட்டாள்.

இரண்டு நாள் கிரகோரி வேலை செய்தான். ஈரம் ஏறிய இடத்தையெல்லாம் வெட்டியெறிந்து, காயவைத்து, புதுப் பலகைக்கு நாலு பக்கமும் ரெசின் பூசி, மேலே பைபர் துணி விரித்து ஒட்டினான். ஐயாசாமி கையாளாக நின்றார். பைபர் தூள் பட்டு உடம்பெல்லாம் அரித்தது. வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை யோகேஸ்வரி படகில் ஏறினாள். முதலில் காலால் இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். தளம் அசையவில்லை. இப்போது ஸ்டாண்டு இல்லை. கலயம் அவள் மடியிலேயே இருந்தது. கடலுக்குள் போய் மணியத்தைக் கரைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பி வந்து எல்லாரும் இறங்கியதும், பழக்கதோஷம், ஐயாசாமி இரண்டு வாளி மஞ்சள் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். ஜெட்டி அவரையே பார்த்தது. தளத்தைச் சரிபார்க்க வந்திருந்த கிரகோரியும் பார்த்தான். ஐயாசாமி புதுத் தளத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு கரையிலேயே குந்தி, ஒரு வாளியைத் தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"இன்னொரு வாளி இருக்குண்ணே" என்றான் கிரகோரி.

ஐயாசாமி அதையும் எடுத்து ஊற்றிக்கொண்டார்.