உள்ளங்கையில் ஒரு சொட்டு

மூன்றாம் நாளும் முதலாளி ஒத்துழைக்கவில்லை. ஆறு மாதக் குழந்தைக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது அவள் அப்பாதான், வீடே அவள் கண்ணசைவுக்கு ஓடியதால். பால் புட்டியை ஒரு வாய் இழுத்தாள், முகத்தைச் சுளித்தாள், இழுத்ததை அப்பாவின் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பிறகு வீடு இரண்டுபட அழுதாள்.

அப்பா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல்காரர், மாலை ஷிப்ட். அம்மா டவுன் பஸ் ஓட்டுகிறவள். பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமைதான் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு அவள் திரும்பும்வரை குழந்தை அவர் பொறுப்பு. ஏற்பாட்டில் குறையே சொல்ல முடியாது. லீவிலேயே பாலை எடுத்து, சின்னச் சின்னப் பைகளில் அடைத்து, தேதியும் நேரமும் எழுதி, ஃப்ரீசரில் அறுபத்திரண்டு பைகளை அடுக்கியிருந்தாள். ஒத்திகைகூட நடந்தது. அவள் அப்போதே எடுத்துக் கொடுத்த பாலை முதலாளி புட்டியில் சமர்த்தாகக் குடித்துக் காட்டினாள். அம்மா வேலைக்குக் கிளம்பிய அன்று கட்சி மாறிவிட்டாள்.

“அவ சட்டையத் தோள்ல போட்டுக்கிட்டுக் குடுடா, அம்மா வாசம் வேணும் அதுக்கு,” என்றாள் அக்கா போனில். போட்டுக்கொண்டார். காம்பை மாற்றினார், நடந்தார், தனக்கே சகிக்காத குரலில் பாடினார். ஸ்பூனில் கொடுத்ததில் பாதி உள்ளே போனது, மீதி கழுத்தில் வழிந்தது. முதல் இரண்டு நாளும் இரண்டு மணிக்கு அம்மா வந்ததும் முதலாளி யூனிஃபார்மைக்கூட மாற்ற விடாமல் பாய்ந்து குடித்தாள்.

“வெள்ளிக்கிழமை வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடப் போறேன்,” என்று நேற்றே சொல்லிவிட்டாள் மனைவி. “பட்டினியா கெடக்கிற பிள்ளைய நெனச்சுக்கிட்டு எப்படிங்க வண்டி ஓட்டறது? ஒரு ஸ்டாப்புல நிக்காமலே போயிட்டேன்.” கடிதம் எழுதி யூனிஃபார்ம் பையில் தயாராக இருந்தது. அந்த வேலைக்காகத் தன் அப்பாவோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவள் அவள்.

இன்று புட்டியை எடுத்துக்கொண்டு சிங்க் பக்கம் போனார். சமையல்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை இறக்கினாலும் இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். வெந்நீருக்கே உப்பு பார்ப்பார் என்று கேண்டீனில் கிண்டல். ஆனால் மூன்று நாளாக இந்தப் பாலை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்துத் துண்டில் துடைத்தாரே தவிர, நாக்கில் வைக்கவில்லை. மனைவியின் பால் என்று ஒரு கூச்சம். இப்போது குழந்தையின் அழுகையில் கை தன்பாட்டுக்கு வேலை செய்துவிட்டது.

சோப்பு.

புட்டியைச் சரியாக அலசவில்லை என்று நினைத்தார். மூன்று முறை அலசினார். வேறு தேதிப் பை ஒன்றை உருக்கினார். அதுவும் சோப்பு.

“கெட்டுப்போகலைங்க, பயப்படாதீங்க,” என்றாள் சுகாதார நிலையத்து நர்ஸ் போனில். “சில பேர் பால் ஃப்ரீசர்ல இருந்தா இப்படி மாறிடும். சில குழந்தைங்க தொடாது. இனிமே எடுத்த உடனே ஓரத்துல குமிழி வர்ற வரைக்கும் சூடு பண்ணி, ஆறவெச்சு, அப்புறம் உள்ள வைங்க. கொதிக்க விட்டுடாதீங்க.”

அவ்வளவுதான் விஷயம். ஆனால் அறுபத்திரண்டு பைகளைக் கட்டியவளிடம் ருசி சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? சாம்பார் சரியில்லை என்று சொல்வது போலவா?

இரண்டு மணிக்கு முதலாளி குடித்து முடித்ததும், “கைய நீட்டு,” என்றார் மனைவியிடம். உருக்கிய பாலில் ஒரு சொட்டு விட்டார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நக்கினாள்.

“உலகத்துல எல்லாத்தையும் ருசி பாப்பீங்களே,” என்றாள். “இத மட்டும் ஏன் பாக்கல?”

“உன்னோடதுன்னு...”

“அதான் கேக்கறேன்,” என்றாள். எழுந்து போய் ஃப்ரீசரைத் திறந்து, தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் அழுதாள். நர்ஸ் சொன்னதை அவர் சொன்னார். பிறகு, “சின்னப் பாத்திரத்த எடுத்து வைங்க,” என்றாள்.

மறுநாள் காலை, சூடுபண்ணி ஆறவைத்து உறையவைத்திருந்த முதல் பையை உருக்கினார். உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். இனிப்பு. தன்னைப் பார்த்தால் குழந்தை புட்டியைத் தொடாது என்று மனைவி ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கடிதம் யூனிஃபார்ம் பையில்தான் இருந்தது.

புட்டியைக் கண்டதும் முதலாளி உதட்டை இறுக்கிக்கொண்டாள். மூன்று நாள் ஏமாந்தவள், சும்மா விடுவாளா? காம்பு தொட்டதும் தலையைத் திருப்பினாள். கதவுக்கு வெளியே ஷூச் சத்தம் இன்னும் படியிறங்கவில்லை.

அவர் குழந்தையின் விரல்களை மெல்லப் பிரித்தார். அந்தக் குட்டி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். முதலாளி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முஷ்டியை மூடி, அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாள்.