எந்த ஊர் என்று கேட்கவில்லை

தேனியில் இருக்கும் குடும்பநல ஆலோசகர் கேட்டது ஒன்றுதான்: சனிக்கிழமை இருவரும் வருவீர்களா, நீங்கள் மட்டுமா? பதிலை மாலைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். ஆசிரியை பாண்டீஸ்வரி பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கூடலூருக்கு வெளியே இருந்த தங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். வந்தும் ஓரிடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. பந்தலுக்கடியில் குனிந்தபடி வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தாள்.

என்ன குறை என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆலோசகரின் நம்பர் கொடுத்த பிரின்சி டீச்சர்கூட, "அடிக்கிறாரா, குடிக்கிறாரா? அப்புறம் என்னடி?" என்றுதான் கேட்டாள். அடியுமில்லை, குடியுமில்லை. பேச்சுதான் இல்லை. சோறு வைக்கவா, மோட்டார் போட்டாச்சா, அவ்வளவோடு சரி. அடிக்கடி ஒரு கனவு வரும். முன்பின் பார்த்திராத ஊரில் ஒரு லாட்ஜ். அடுத்தடுத்த அறைகளில் அவளும் கணவனும் தனித்தனியாகத் தங்கியிருப்பார்கள். கனவையெல்லாம் காரணமாகச் சொல்லிக்கொண்டு ஒருவரிடம் போய் உட்கார முடியுமா?

கணவன் வேல்பாண்டி கம்பியில் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, சனிக்கிழமை தேனியில கவுன்சிலிங் இருக்கு. போகலாமான்னு பாக்குறேன்."

அவன் கை நின்றது. திரும்பவில்லை. "போ. தூரமாக் கெடச்சாலும் எடுத்துக்க. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது. ஆசிரியர்களுக்கு நடக்கும் இடமாறுதல் கவுன்சிலிங் என்று நினைத்துவிட்டான். அவள் வேறு ஊருக்குப் போவதை இவ்வளவு லேசாகச் சொல்கிறான்.

"எந்த ஊருன்னுகூடக் கேக்க மாட்டீகளா?"

"கேட்டா நீ சொல்லிருவியே."

"சொன்னா என்ன?"

"சொல்லிட்டா போறது உறுதியாயிரும்ல."

அவளுக்குக் கோபம் வரும்போல் இருந்தது, சிரிப்பும் வரும்போல் இருந்தது. இரண்டும் வரவில்லை.

"இது அந்தக் கவுன்சிலிங் இல்ல. புருசன் பொண்டாட்டி சேந்து போயிப் பேசுறது."

அவன் காலிப் பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். "நமக்குள்ள என்ன சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் தேவலையே."

"அங்கன என்ன கேப்பாக?"

"தெரியல. இப்பச் சொன்னீகளே, அது மாதிரி ஏதாவது சொல்லச் சொல்வாக."

"அதப் போயி வெளியாளுகிட்டயா?"

"எங்கிட்டயும்தான் இத்தன நாளாச் சொல்லலையே."

அவன் கையில் ஒட்டிய பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சனிக்கிழமை மருந்தடிக்க ஆளு சொல்லிருக்கேன்" என்றான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், 'சரி, இன்னொரு நாள் பாக்கலாம்' என்று தானே சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

அவன் போனை எடுத்தான். "ஏலே சின்னக்கருப்பு, சனிக்கிழமை வேணாம். ஞாயித்துக்கிழமை வா. ஆமா, தேனிக்குப் போறோம். எதுக்கா? ஒன் சோலியப் பாருலே."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பைக்லயா, பஸ்லயா?" என்றான்.

"பஸ்ல. பைக்ல பேச முடியாது."

"பஸ்ல மட்டும் பேசிக் கிழிச்சிருவமாக்கும்."

அவள் 'இருவரும் வருகிறோம்' என்று அனுப்பினாள். அனுப்பிய கையோடு, அங்கே முதலில் யார் வாயைத் திறப்பது என்ற கவலை பிடித்துக்கொண்டது.